பிளாட்டினமா, நிக்கலா? தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க எந்த வினையூக்கி?

டிசம்பர் வந்துவிட்டால் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் புராஜெக்ட் தலைப்போடு என் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். இந்த முறை வந்தது மூன்று பேர். ஒருத்தி வியாசர்பாடி, ஒருவன் காசிமேடு, இன்னொருத்தி எண்ணூர். "மேடம், தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கிற மாதிரி ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்டார்கள். 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜனால் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்த செய்தி அவர்கள் மனதில் அப்படியே பதிந்திருந்தது. பெட்டி தயாராகிவிட்டது, அதற்கான ஹைட்ரஜனை எங்கே, எப்படி எடுப்பது என்பது அவர்கள் கேள்வி.

வடசென்னைக்கு ஹைட்ரஜன் புதிதில்லை. டீசலில் இருக்கும் கந்தகத்தை நீக்க மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு ஹைட்ரஜன் வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 எரிபொருள் கட்டாயமான பிறகு அந்தத் தேவை நாடு முழுக்கக் கூடியது. உலகில் இன்றும் பெரும்பாலான ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் ஒன்பது, பத்துக் கிலோ கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தே வெளிவரும். அமோனியா செய்வதும் ஹைட்ரஜனிலிருந்துதான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு குடும்பத்தோடு தெருவில் ஓடியவள் அந்த மூன்று பேரில் ஒருத்தி. அவளுக்கு இது பாடப் புத்தக விஷயம் இல்லை. அதனால்தான் ஏனோதானோ என்று ஒரு தலைப்பைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான்கு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தோம். இதே முடிவை எடுக்க வேண்டிய மற்ற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வினையூக்கியால் என்ன லாபம் என்று பார்த்துவிடலாம். ஒரு கிலோ ஹைட்ரஜன் வேண்டுமானால் சுமார் 26,600 ஆம்பியர்-மணி மின்சாரம் தண்ணீருக்குள் போயே ஆக வேண்டும். அதை எந்த வினையூக்கியாலும் குறைக்க முடியாது. எத்தனை வோல்ட்டில் அதைச் செலுத்துகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. இயற்கை கேட்கும் குறைந்தபட்ச விலை 1.23 வோல்ட். ஆனால் அந்த வோல்ட்டில் எந்த மின்முனையிலும் குமிழி கிளம்பாது, அதற்கு மேல் கொஞ்சம் தள்ள வேண்டும். 2 வோல்ட் கொடுத்தால் ஒரு கிலோவுக்கு 53 யூனிட் ஆகும். 1.8 வோல்ட்டில் முடிந்தால் 48 யூனிட். ஆக, 0.1 வோல்ட் மிச்சம் பிடித்தால் கிலோவுக்கு 2.66 யூனிட் மிச்சம். பிளாட்டினமும் நிக்கலும் மாலிப்டினமும் போட்டி போடுவது இந்த 0.1 வோல்ட்டுக்குத்தான். வெயில், காற்று போன்றவற்றின் மின்சாரத்தில் எடுக்கும் பச்சை ஹைட்ரஜனின் விலையில் பெரும்பங்கு கரண்ட் பில்லாக இருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

காசிமேட்டுப் பையனுக்கு முதலில் பிடித்தது ஒளிவினையூக்கி. "கரண்ட்டே வேணாம் மேடம், நம்ம ஊர் வெயில் போதும்" என்றான். ஆசை நியாயமானது. 1972ல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து காட்டியதிலிருந்து இந்தக் கனவு உயிரோடு இருக்கிறது. சிக்கல் அந்தப் பொருளின் குணத்திலேயே இருக்கிறது. சுவர் பெயிண்டில் வெள்ளை நிறத்துக்காகக் கலப்பது இதே டைட்டானியம் டை ஆக்சைடைத்தான். வெள்ளையாகத் தெரிகிறது என்றாலே கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லாம் திருப்பி அனுப்புகிறது என்றுதானே பொருள்? அது எடுத்துக்கொள்வது புற ஊதாக் கதிரை மட்டும். நம் தலைமேல் கொட்டும் வெயிலில் அது நான்கைந்து விழுக்காடுதான்.

இந்த வழியில் நடந்த பெரிய முயற்சி ஜப்பானின் டோமென் குழுவினுடையது. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தடவிய பலகைகளை 100 சதுர மீட்டருக்கு விரித்து, மாதக்கணக்கில் வெயிலில் ஓட்டிக் காட்டினார்கள். 2021ல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்த உச்சத் திறன் 0.76 விழுக்காடு. இதை எங்கள் கல்லூரி மொட்டை மாடிக்குப் பொருத்திக் கணக்குப் போட்டோம். சென்னையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 5 யூனிட் வெயில் விழுகிறது. 0.76 விழுக்காடு என்றால் கிடைப்பது ஒரு கிராமை ஒட்டிய ஹைட்ரஜன். அதே இடத்தில் 20 விழுக்காடு திறனுள்ள சோலார் பேனலை வைத்து, வரும் ஒரு யூனிட் மின்சாரத்தை மின்னாற்பகுப்புக்கு, அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிளப்பதற்குக் கொடுத்தால் 20 கிராம் கிடைக்கும். பையன் கணக்கை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தான்.

ஒளிவினையூக்கியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. புராஜெக்ட் அறிக்கைகள் பலவற்றில் கரைசலோடு மெத்தனாலோ டிரை எத்தனால் அமினோ சேர்த்திருப்பார்கள். வெளியே வரும் ஹைட்ரஜன் அளவும் பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே ஆக்சிஜன் வரவில்லை, அதற்குப் பதிலாக அந்த மெத்தனால்தான் அழிந்துகொண்டிருக்கிறது. அதைத் தண்ணீரைப் பிளந்ததாக எழுதக் கூடாது. யூரியாவைச் சுட்டுச் செய்யும் கார்பன் நைட்ரைடு மலிவானது, செய்யவும் எளிது. அதிலும் இந்தக் கதையே பெரும்பாலும் நடப்பதால் அதையும் ஒதுக்கினோம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே குடுவையில் கலந்து வருவது வேறு பயம். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் இருந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

அடுத்து பிளாட்டினம். அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் எடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஓட்ட அதற்கு 30 மில்லிவோல்ட் அளவு கூடுதலாகக் கொடுத்தால் போதும். ஹைட்ரஜன் அணுவை ரொம்ப இறுக்கிப் பிடிக்காமல், ரொம்பத் தளர்வாகவும் விடாமல் வைத்திருப்பதுதான் அதன் கைத்திறன். என்.எஸ்.சி. போஸ் சாலை நகைக்கடையில் ஒரு பிளாட்டினக் கம்பி வாங்கிவிடலாமா என்று கூட ஒருத்தி கேட்டாள். ஆனால் கையைக் கட்டிப்போடுவது பிளாட்டினத்தின் விலை மட்டுமில்லை. இரண்டு மின்முனைக்கும் நடுவில் அமிலத்தன்மையுள்ள சவ்வை வைக்கும் அமிலச் சவ்வு முறையில் எதிர்ப்பக்கம் ஆக்சிஜன் வரும் மின்முனையில் இரிடியம் ஆக்சைடு வேண்டும். அந்த அமிலத்திலும் வோல்ட்டேஜிலும் நிக்கல், கோபால்ட் எல்லாம் கரைந்து போய்விடும். இரிடியமோ பிளாட்டினச் சுரங்கத்தின் துணைப்பொருளாக, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து, உலகம் முழுவதற்குமே ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் வருகிறது. இன்றைய வடிவமைப்பில் ஒரு கிகாவாட் அமிலச் சவ்வு ஆலைக்கு 400 கிலோ வரை தேவைப்படும். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன். அவ்வளவையும் இரிடியத்தை நம்பிச் செய்ய முடியாது.

பிளாட்டினம் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது நான் பட்ட பாடம். இரண்டு வருடம் முன்பு வேறொரு மாணவன் கோபால்ட் பாஸ்பைடு செய்து, கந்தக அமிலத்தில் அதன் ஹைட்ரஜன் திறனை அளந்துகொண்டிருந்தான். அளவு நாளுக்கு நாள் மெருகேறியது. திங்கள்கிழமை 180 மில்லிவோல்ட் கேட்ட மின்முனை வியாழக்கிழமை 70க்கு வந்துவிட்டது. அவன் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தப் பொருளும் ஓட ஓடத் தேயத்தானே செய்யும், இது எப்படித் தேறுகிறது? எதிர் மின்முனையாகப் போட்டிருந்த பிளாட்டினக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு கிராஃபைட் கம்பியைப் போட்டுப் புது மின்முனையில் அளக்கச் சொன்னேன். மூன்று நாள் ஓடியும் 180 அசையவில்லை. எதிர்ப்பக்கத்தில் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, கரைசல் வழியே வந்து, எங்கள் கோபால்ட் பாஸ்பைடின் மேல் படிந்திருக்கிறது. அளந்தது எல்லாம் பிளாட்டினத்தின் திறன். ஆரம்பத்திலேயே கம்பியை மாற்றச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஐந்து மாத உழைப்பு வீணானதை அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. வினையூக்கியைத் தேடி இறங்கும் யாராக இருந்தாலும், ஹைட்ரஜன் பக்கத்தை அளக்கும்போது எதிரில் பிளாட்டினம் போடாதீர்கள்.

மாலிப்டினம் டை சல்பைடு என்ற பெயரைக் கேட்டால் புதுமையாக இருக்கும். மெக்கானிக் கடையில் வண்டி பேரிங்குக்கு அப்பும் கறுப்பு கிரீஸில் இருப்பது அதுதான். அட்டை அட்டையாக அடுக்கிய அமைப்பு, அதனால்தான் வழுக்குகிறது. அட்டையின் பரப்பு சோம்பேறி, வேலை முழுக்க விளிம்பில் என்று 2007ல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அன்றிலிருந்து விளிம்பைக் கூட்டுவது எப்படி என்று உலகமே உட்கார்ந்து யோசிக்கிறது. நல்ல பொருள், படிக்கச் சுவையான வேதியியல். ஆனால் அதன் திறமை அமிலத்தில்தான். காரக் கரைசலில் மந்தமாகிவிடும். அமிலத்துக்குப் போனால் எதிர்ப்பக்கம் மறுபடி இரிடியம் வந்து நிற்கும். தூளாகக் கிடைப்பதை மின்முனையில் ஒட்ட நஃபியான் என்ற பாலிமர் பசை வேறு வாங்க வேண்டும். எங்கள் கையில் இருந்ததோ 12,000 ரூபாய்.

மிச்சம் இருந்தது நிக்கல். இங்கே வியாசர்பாடிப் பெண்ணின் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறார். போல்ட்டு, நட்டு, சைக்கிள் உதிரிகள் எல்லாம் அங்கே துத்தநாகமும் நிக்கலும் பூசிப் போகும். நாங்கள் நான்கு பேரும் போனபோது, விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொட்டியைக் காட்டிச் சொன்னார்: "எங்களுக்கு அந்தக் குமிழி வந்தாலே தலைவலி டீச்சரம்மா. நீங்க இன்னாடான்னா அதையே தேடிக்கினு வந்துக்கிறீங்கோ." உண்மைதான். முலாம் பூசும் மின்சாரத்தில் ஒரு பங்கு எப்போதும் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாகப் போய்விடும். குமிழி ஒட்டிக்கொண்ட இடத்தில் நிக்கல் படியாமல் ஊசிக்குத்து போலக் குழி விழும். உறுதியான எஃகு போல்ட்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிட்டால் திடீரென்று முறிந்துவிடும் என்பதால், துத்தநாகம் பூசிய கையோடு அவற்றை அடுப்பில் 200 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து எடுக்கிறார். முப்பது வருடமாக ஹைட்ரஜனைத் துரத்திக்கொண்டிருக்கும் மனிதரைவிட அது எங்கே, எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

காரக் கரைசலில் ஆக்சிஜன் எடுக்க நிக்கலும் இரும்பும் கலந்த ஹைட்ராக்சைடு இன்று தெரிந்தவற்றில் முன்வரிசையில் நிற்கிறது. 10 மில்லி ஆம்பியருக்கு 200 முதல் 300 மில்லிவோல்ட் வரை கூடுதலாகக் கேட்கும். அபூர்வ உலோகமான இரிடியத்துக்குக் காரத்தில் இது சளைத்ததில்லை. இதன் பின்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிக்கல் பேட்டரி செய்தவர்களுக்கு இரும்பு என்றால் விஷம். கொஞ்சம் கலந்தாலும் சார்ஜ் ஏறும் முன்பே ஆக்சிஜன் கிளம்பிவிடும். 1987ல் காரிகன் என்ற ஆய்வாளர் அந்த விஷத்தைத் திருப்பிப் பார்த்து, ஆக்சிஜன்தான் வேண்டும் என்றால் இரும்பு வரம் என்று எழுதினார். 2014ல் அமெரிக்காவின் போட்சர் (Boettcher) குழு இன்னும் ஒரு படி போனது. கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சிறு அழுக்காக இருக்கும் இரும்பே நிக்கல்மேல் ஏறிக்கொள்கிறது, இரும்பை முழுக்க நீக்கிவிட்டால் நிக்கல் மோசமான வினையூக்கி என்று காட்டியது. நிக்கலைப் புகழ்ந்து எழுதிய பழைய கட்டுரைகள் பலவற்றையும் இந்தக் கண்ணோடு மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. பிளாட்டினம் எங்களை ஏமாற்றிய அதே வழி. இங்கே அழுக்கு மறைக்க வேண்டிய குற்றமாக இல்லாமல் தெரிந்தே சேர்க்கும் மருந்தாகிவிடுகிறது.

ஹைட்ரஜன் பக்கத்துக்கு நிக்கல்-மாலிப்டினம் பூச்சு என்று முடிவானது. மாலிப்டினத்தை மட்டும் நீர்க்கரைசலிலிருந்து முலாமாகப் பூச முடியாது. நிக்கல் கூட இருந்தால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து படியும். பட்டறைக்காரருக்கு இது புதிய செய்தி. மறுநாளே சோடியம் மாலிப்டேட் எங்கே கிடைக்கும் என்று போனில் கேட்டார். உர நுண்ணூட்டத்தில் பயன்படும் உப்பு அது, பாரிமுனை கெமிக்கல் கடையில் கிடைத்தது.

அடிப்படைத் தகடாக நிக்கல் ஃபோம் வாங்கினோம். கையில் எடுத்தால் சாம்பல் நிறப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மாதிரி இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டலாம், எடை தெரியாது. ஒரு சதுர சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பத்து நிமிடம் விட்டோம். அமிலம் வெளிறிய பச்சைக்கு மாறும்போது மேலிருந்த ஆக்சைடு படலம் போய்விட்டது என்று அறியலாம். பிறகு நிக்கல் நைட்ரேட்டும் இரும்பு உப்பும் கலந்த கரைசலில் தொங்கவிட்டு, பட்டறையில் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரை மிகக் குறைத்து வைத்து ஐந்து நிமிடம். வெளியே எடுத்தபோது பஞ்சின் ஒவ்வொரு நரம்பிலும் மஞ்சள் கலந்த பழுப்புப் பூச்சு. அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அளப்பதற்குத் தலைகீழாகக் கவிழ்த்த பியூரெட் போதும். 10 மில்லி ஆம்பியரை ஒரு மணி நேரம் ஓட்டினால் நம் ஊர்ச் சூட்டில் 4.6 மில்லிலிட்டர் அளவு ஹைட்ரஜன் சேர வேண்டும், ஆக்சிஜன் அதில் பாதி. அதைவிடக் குறைந்தால் கரண்ட் வேறெங்கோ போகிறது. வோல்ட்டேஜ் வரைபடத்தை மட்டும் போட்டு, வாயுவை அளக்காமல் விட்ட அறிக்கையை நான் இனிமேல் ஏற்பதில்லை.

கடல்நீர் பற்றிய கேள்வியைக் காசிமேட்டுப் பையன் விடுவதாக இல்லை. வீட்டு வாசலிலேயே கடல் இருக்கும்போது எதற்குக் குடிநீர் என்றான். கடல்நீரை நேரே பிளந்தால் ஆக்சிஜன் வர வேண்டிய இடத்தில் குளோரினும் ஹைப்போகுளோரைட்டும் வரும். கால்சியமும் மெக்னீசியமும் ஹைட்ரஜன் பக்கத்தில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். 2022ல் சீனக் குழு ஒன்று, நீராவியை மட்டும் விடும் சவ்வு வழியாகக் கடல்நீரை உறிஞ்சி 3,200 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் காட்டியது, அருமையான வேலை. ஆனால் வடசென்னைக்கு அது தேவையா என்றால், இல்லை என்பேன். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் 2010லிருந்து இருக்கிறது. கடல்நீரை ஆர்.ஓ. செய்ய ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் வேண்டும், சுத்திகரிப்பில் வீணாவதையும் சேர்த்து 20 லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் செலவு 0.08 யூனிட். மின்னாற்பகுப்புக்கு 50 யூனிட் செலவழிக்கும் இடத்தில் இந்த 0.08ஐ மிச்சம் பிடிக்கக் குளோரினோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

என் மனதில் இருப்பது கடல்கூட இல்லை, கொடுங்கையூர். அங்கே கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே, கிலோவுக்கு 20 லிட்டர் கணக்கில், நாளுக்கு 22 டன் ஹைட்ரஜனுக்குப் போதும். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் குடிதண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் சோதனையிலும் காய்ச்சி வடித்த நீருக்கு அடுத்தபடியாகச் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் போடப்போகிறோம்.

நாங்கள் தேர்ந்த நிக்கல்-இரும்பு, நிக்கல்-மாலிப்டினம் ஜோடிக்கும் குறை உண்டு. அமிலச் சவ்வு முறை ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்று, இரண்டு ஆம்பியர் தள்ளும் இடத்தில், பழைய பாணிக் கார ஆலை 0.2 முதல் 0.4 வரைதான் தள்ளும். அதே ஹைட்ரஜனுக்குப் பெரிய இடம் வேண்டும். இடம் இல்லாத ஊரில், வெயிலோடு சட்டென்று ஏறி இறங்க வேண்டிய ஆலைக்கு, பணமும் இருந்தால், நான் அமிலச் சவ்வைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். நிக்கல் உப்பு தோலில் பட்டால் அரிப்பு வரும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தொட்டிக் கழிவைச் சாக்கடையில் விடவே கூடாது. ஏற்கெனவே பக்கிங்காம் கால்வாய் படும் பாடு போதும்.

கடைசியில் தலைப்பு இப்படி அமைந்தது: காரத்தில் நிக்கல்-இரும்பு ஒரு பக்கம், நிக்கல்-மாலிப்டினம் மறுபக்கம், அடிக்கடி நின்று ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? ஓடும்போது நன்றாக இருக்கும் மின்முனை, மின்சாரம் நின்று இரண்டு முனையும் வெளிச்சுற்றில் இணைந்தே இருந்தால், பேட்டரி போலப் பின்னோக்கி மின்சாரம் ஓட்டித் தன்னையே அரித்துக்கொள்ளும். மாலிப்டினம் அப்போதுதான் கரையும். சோலாரில் ஓட்டினால் தினம் சாயங்காலம் இது நடக்கும். பட்டறைக்காரர் பழைய ரெக்டிஃபையர் ஒன்றை ஓரமாக ஒதுக்கி, ஒரு டைமரையும் மாட்டிக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நிறுத்தம். போன செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பித்தோம். நேற்று மாலை வரை 612 சுற்று முடிந்திருக்கிறது, வோல்ட்டேஜ் 1.71லிருந்து 1.74க்கு வந்திருக்கிறது, கரைசலில் எவ்வளவு மாலிப்டினம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க முதல் குப்பியை எண்ணூர்ப் பெண் இன்று எடுத்து வருகிறாள்.